கிலோ மறையாத திரை

(செயலித் திரைகளை அமைக்கும் முறைகள் பற்றிப் பூண்டுலோயாவில் இளைஞர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போனில் ஓடும் ஒரு செயலியின் திரையை எந்த முறையில் அமைப்பது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொத்தான் எங்கே, பெயர் எங்கே, எண் எங்கே என்ற விவரங்களை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். எந்த வகைக் கோப்பில், யார் கையால், எந்த மொழியில் எழுதுவது என்பதில்தான் கருத்து வேற்றுமை. செயலி எழுதக் கற்பவர்கள் இதைக் கருவியின் புதுமையை வைத்து முடிவு செய்கிறார்கள். புதிதாக வந்தது எது, வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் கேட்பது எது என்று பார்க்கிறார்கள். நான் இரண்டு கேள்விகளை முன்வைக்கிறேன். இந்தத் திரையை யார் படிப்பார்? இந்தத் திரையை நாளைக்கு யார் திருத்துவார்? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் கோப்பின் வகையும் தெளிவாகிவிடும்.

பொதுவாகப் பேசினால் விளங்காது. ஒரு செயலியை மனதில் வைத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மடுவத்தில் நிறுத்த கொழுந்தைப் பதியும் செயலி. செக்ரோல் எனும் தொழிலாளர் பதிவேட்டு இலக்கம், பெயர், காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை, மொத்தக் கிலோ. ஷீன், டன்சினன் என்று நம்மைச் சுற்றியுள்ள எந்தத் தோட்டத்திலும் இந்தக் கணக்கு உண்டு. ஏட்டில் எழுதினாலும் போனில் பதிந்தாலும் கணக்கு ஒன்றுதான். அந்தச் செயலியிலும் ஒரேயொரு வரியை மட்டும் எடுப்போம். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் கிலோ.

செயலி எழுதும் தம்பி, ‘ராணி’ என்று தட்டிப் பார்க்கிறார். பெயர் இடப்பக்கம் நிற்கிறது, 18 கிலோ வலப்பக்கம் நிற்கிறது. வேலை முடிந்தது என்று நினைக்கிறார். மடுவத்தில் அடுத்து நிற்பவர் பெயர் ‘சுப்பிரமணியம் முத்துலெட்சுமி’. பெயர் நீண்டு திரை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. கிலோ திரைக்கு வெளியே போய்விடுகிறது. கணக்கு உள்ளே சரியாகத்தான் பதிந்திருக்கும். ஆனால் கூடையை இறக்கி வைத்த பெண்ணுக்குத் தன் கிலோ தெரியவில்லை. நிறுவையைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது அவருடைய உரிமை; அன்றைய பேரும் (முழு நாள் சம்பளமும்), மேலதிகக் கிலோவுக்கான காசும் அதில்தான் இருக்கின்றன. ஆகவே அந்த வரி உடைவதை நான் வெறும் அழகுக் குறை என்று எண்ணமாட்டேன்.

இந்த ஒரு வரியை அமைக்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, திரையை வரைந்து சேமிப்பது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சின் ஜோன் மரி யூலோ என்ற அறிஞர் 1980களின் நடுவில், பொத்தான்களையும் பெட்டிகளையும் எலியால் இழுத்து வைத்துத் திரை அமைக்கும் கருவியை உருவாக்கினார். அது ஸ்டீவ் ஜொப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக்குப் போய், இன்டர்ஃபேஸ் பில்டர் என்ற பெயரில் வளர்ந்து, பின்னர் அப்பிள் நிறுவனத்துக்கு வந்தது. அது சேமித்த கோப்புக்கு நிப் என்று பெயர். பின்னாளில் எக்ஸ்ஐபி என்ற, எக்ஸ்எம்எல் குறிமொழியில் அமைந்த வடிவம் வந்தது. 2011இல் ஐஓஎஸ் 5 உடன் ஸ்டோரிபோர்ட் வந்தது. எக்ஸ்ஐபி பெரும்பாலும் ஒரு திரையையோ ஒரு வரியையோ தாங்கும். ஸ்டோரிபோர்ட் பல திரைகளையும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதைகளையும் ஒரே படமாகக் காட்டும்.

இரண்டாவது வழி, திரையை விவரித்து எழுதுவது. 2008இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் தொடக்கம் முதலே இந்த வழியில் நடக்கிறது. திரையை விவரிக்கும் அதன் லேஅவுட் கோப்பும் எக்ஸ்எம்எல்தான். ஆனால் மனிதர் கையால் எழுதவும் வாசிக்கவும் கூடியது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெயர், பக்கத்தில் கிலோ என்று வரிசையாக எழுதிப் போகலாம்.

மூன்றாவது வழி, தனிக் கோப்பே இல்லாமல் திரையை நிரலிலேயே எழுதுவது. பழைய முறையில் நிரலால் திரை அமைக்க வரிக்கு வரி கட்டளை இட வேண்டும், நீண்டு போகும். 2019இல் அன்ட்ரொய்டிலும் ஐபோனிலும் இது மாறத் தொடங்கியது. அந்த மே மாதம் கூகுள் ஜெட்பெக் கொம்போஸை அறிவித்தது. ஜூனில் அப்பிள் ஸ்விஃப்ட்யூஐயை அறிவித்தது.  கொம்போஸின் முதல் நிலையான பதிப்பு 2021 ஜூலையில் வந்தது. கூகுளின் ஃப்ளட்டரோ இவற்றுக்கு முன்பே, 2018 டிசம்பரில் முதல் நிலையான பதிப்பாக வந்ததிலிருந்து, இந்த வழியில்தான் நடக்கிறது.

இப்போது நம்முடைய வரியை மூன்று வழியிலும் திருத்திப் பார்ப்போம்.

அன்ட்ரொய்டின் எக்ஸ்எம்எல் கோப்பில், பெயரின் அகலத்தைப் பூச்சியம் என்று எழுதி, ‘வெயிட்’ என்ற பங்கு 1 என்று கொடுக்கிறோம். உடனே கிலோ தனக்கு வேண்டிய இடத்தை முதலில் எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய இடம் பெயருக்கு. பெயர் நீளமானால் இரண்டாம் வரிக்கு இறங்கும். கிலோ அசையாது.

கொம்போஸிலும் கருத்து அதுவே. ‘ரோ’ என்ற வரிசைக்குள் பெயருக்கு மட்டும் பங்கு 1 கொடுத்தால், பங்கு இல்லாத கிலோ முதலில் அளக்கப்படுகிறது.

ஸ்டோரிபோர்ட்டிலும் எக்ஸ்ஐபியிலும் ஓட்டோ லேஅவுட் என்ற ஏற்பாடு இருக்கிறது. இது 2012இல் ஐஓஎஸ் 6 உடன் ஐபோனுக்கு வந்தது. அதன் அடியில் உள்ள கணக்கு முறை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான காசோவரி. ஒவ்வோர் எழுத்துப் பெட்டிக்கும் ‘என்னை நசுக்காதே’ என்று சொல்லும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. இயல்பாக எல்லாவற்றுக்கும் 750. பெயருக்கும் 750, கிலோவுக்கும் 750 என்றால் எதைச் சுருக்குவது என்று சொல்லப்படவில்லை என்று பொருள். கிலோவுக்கு 751 கொடுத்தால் போதும், கிலோ காப்பாற்றப்படும்.

கவனித்தீர்களா? மூன்று வழியிலும் திருத்த முடிந்தது. மூன்றிலும் நாம் சொன்னது ஒன்றுதான்: இடம் போதாதபோது கிலோவைக் காப்பாற்று. ஆனால் அந்தச் சொல் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. எக்ஸ்எம்எல்லிலும் கொம்போஸிலும் அந்த வரியைத் திறந்த எவர் கண்ணுக்கும் பங்கு 1 தெரிகிறது. ஸ்டோரிபோர்ட்டில் 751 என்பது ஒரு பக்கப் பலகையின் உள்ளே, பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே தெரியும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இங்கேதான் யார் திருத்துவார் என்ற கேள்வி எழுகிறது.

இருவர் சேர்ந்து ஒரு செயலி எழுதுகிறார்கள். ஒருவர் ஹட்டனில், ஒருவர் இங்கே. நிரல் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கிட் கருவி வழியாக வேலையைப் பகிர்கிறார்கள். இருவரும் ஒரே ஸ்டோரிபோர்ட்டில் வேறு வேறு திரைகளைத் தொட்டாலும் கோப்பு ஒன்றே. அதை எழுதுவது கருவி. மனிதர் வாசிப்பதற்காக அது எழுதவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் பொருளற்ற எழுத்துகளால் ஆன அடையாளக் குறி, திரையில் அது நிற்கும் இடத்தின் எண்கள், கருவியின் பதிப்பு எண் எல்லாம் அதற்குள் இருக்கும். அப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடின் புதிய பதிப்பில் திறந்து பார்த்தாலே சில வரிகள் மாறக்கூடும். இருவர் வேலையும் மோதும்போது எந்த வரியை வைத்துக்கொள்வது என்று வாசித்துத் தீர்மானிப்பது மிகக் கடினம். அதனால்தான் பெரிய ஸ்டோரிபோர்ட்டை ஒவ்வொரு வேலைப் பகுதிக்கும் ஒன்றாகப் பிரிக்கிறார்கள். 2015இல் அப்பிள் அதற்கென்று ஸ்டோரிபோர்ட் ரெஃபரன்ஸ் என்ற வசதியையே கொடுத்தது. திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்கு, நம்முடைய பெயர்-கிலோ வரியைப் போன்றவற்றுக்கு, தனி எக்ஸ்ஐபி நல்லது. ஒரு வரி, ஒரு கோப்பு, ஒரு பொறுப்பாளர்.

இன்னொரு குறையும் உண்டு. வரைந்த திரையும் எழுதிய நிரலும் பெயர்களால் இணைக்கப்படுகின்றன. பெயரை ஓரிடத்தில் மாற்றி, மற்ற இடத்தில் மறந்தால், செயலி கட்டும்போது எச்சரிக்கை வருவது நிச்சயமில்லை, ஓடும்போது விழுந்துவிடும். பழைய அன்ட்ரொய்ட் முறையிலும் இந்த ஆபத்து இருந்தது. 2020இல் அன்ட்ரொய்ட் ஸ்டூடியோ 3.6 உடன் வந்த வியூ பைன்டிங் அதைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. இன்றும் எக்ஸ்எம்எல்லில் வேலை செய்பவர்கள் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். கொம்போஸிலும் ஸ்விஃப்ட்யூஐயிலும் இந்த இணைப்பே இல்லை, திரையே நிரல் என்பதால். பெயரில் தவறு இருந்தால் செயலி கட்டப்படாது. மடுவத்தில் கங்காணி கையில் செயலி விழுவதைவிட, எழுதுபவர் மேசையிலேயே தவறு வெளிப்படுவது எவ்வளவோ மேல்.

அப்படியானால் ஸ்டோரிபோர்ட்டைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். திரைகளின் போக்கு முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் வேறு வழி அவ்வளவு எளிதில் கிடைக்காது. தனி ஒருவர் ஐந்தாறு திரையுள்ள செயலி எழுதும்போது மோதல் என்ற பேச்சே இல்லை. நிரல் தெரியாத ஆசிரியரோ தோட்ட அலுவலரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்லவும் முடியும்.

அடுத்து, யார் படிப்பார் என்ற கேள்வி. இது நமக்கு மிக நெருக்கமானது.

இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி. தோட்டத்தில் தொழிலாளி தமிழில் வாசிப்பார். அலுவலர் சிங்களத்தில் வாசிக்கலாம். கம்பனி அறிக்கை ஆங்கிலத்தில் போகும். ஆகவே நம் செயலி முதல் நாளிலிருந்தே மும்மொழிச் செயலி. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது, போன் திரையை வாசிக்கத் தெரிவது இந்த நாட்டில் எவ்வளவு அவசியமாகிவிட்டது என்று எல்லோரும் கண்டோம்.

இங்கே பலர் ஒரு தவறான பாதையில் போகிறார்கள். அன்ட்ரொய்டில் கோப்புறையின் பெயரோடு மொழிக்குறியைச் சேர்த்தால் அந்த மொழிக்கென்று தனி வளங்களை வைக்கலாம். சொற்களுக்கு இது அருமையான ஏற்பாடு: தமிழ்ச் சொற்கள் ஒரு கோப்பில், சிங்களச் சொற்கள் ஒரு கோப்பில், ஆங்கிலம் ஒரு கோப்பில். ஆனால் அதே வசதியால் லேஅவுட் கோப்பையும் மொழிக்கு ஒன்றாக வைக்க முடியும். ஆங்கிலத்தில் ‘சேவ்’ என்ற சின்னச் சொல் பிடிக்கும் பொத்தானில் ‘சேமிக்கவும்’ அடங்கவில்லை என்றவுடன், தமிழுக்குத் தனி லேஅவுட் எழுதிவிடுகிறார்கள். மூன்று மொழி, நிமிர்த்திப் பிடித்த போன், சாய்த்துப் பிடித்த போன் என்று இரண்டு நிலை, ஒரு திரைக்கு 6 கோப்புகள். பத்துத் திரைக்கு 60. கொழுந்தின் ஈரத்துக்காக எடையில் கழிக்கும் ஈரக்கழிவு என்று புதிதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னால் ஆங்கிலக் கோப்பில் சேர்ப்பார்கள், தமிழ்க் கோப்பில் விட்டுப்போகும். கடைசியில் தமிழ் வாசிப்பவருக்குத்தான் கழிவு எவ்வளவு என்று தெரியாமல் போகும்.

ஆகவே சொல்கிறேன்: சொற்கள் மொழிக்கு ஒரு கோப்பில் இருக்கட்டும், திரை எல்லா மொழிக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். சொல்லின் நீளத்தை அளந்து இடம் கொடுக்கும் வகையில் அந்த ஒரு திரையை எழுதுங்கள்.

நீளம் மட்டுமல்ல, உயரமும் இருக்கிறது. ‘கி’யின் மேல்விலங்கு மேலே போகும், ‘பு’வின் கீற்று கீழே இறங்கும். அன்ட்ரொய்ட் நீண்ட காலம் தமிழ் உட்படச் சில மொழிகளின் எழுத்தைத் திரையில் அடங்குவதற்காக நெருக்கிய அளவுகளோடு காட்டி வந்தது. 2024இல் வந்த அன்ட்ரொய்ட் 15ஐக் குறிவைத்துக் கட்டும் செயலிகளுக்கு இயல்புநிலை மாறியது. எழுத்துக்கு அதன் உண்மையான உயரம் தரப்படுகிறது. நல்ல மாற்றம். ஆனால் பொத்தானின் உயரத்தை 40 என்று எண்ணால் பூட்டி வைத்தவர்களின் திரையில் எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்படும். உயரத்தை எழுத்தே தீர்மானிக்கட்டும் என்று விட்டவர்களின் திரை தானாக விரிந்துகொள்ளும். எந்த முறையில் எழுதினாலும் எண்ணால் பூட்டலாம், எந்த முறையிலும் விரியவும் விடலாம். 2023இன் அன்ட்ரொய்ட் 14 எழுத்தை 200 வீதம் வரை பெரிதாக்க இடம் கொடுக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டி மலையில் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா எழுத்தைப் பெரிதாக்கித்தான் வைத்திருப்பார். அவருடைய போனிலும் கிலோ மறையக்கூடாது.

தமிழ் எழுத்து போனில் தானாக வந்துவிடவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் செல்லினம் என்ற தட்டச்சுச் செயலியையும், அப்பிள் கணினிகளில் இடம்பெற்ற இணைமதி எழுத்துருவையும் உருவாக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். எழுத்தைச் சரியாகக் காட்டும் பொறுப்பை அவர்கள் நிறைவேற்றிவிட்டார்கள். அந்த எழுத்துக்குத் திரையில் போதிய இடம் கொடுப்பது நம் பொறுப்பு.

இந்த இடத்தில் கொம்போஸுக்கு ஒரு வலிமை உண்டு. ஒரே திரையைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்றும், எழுத்து இரட்டிப்பாக இருக்கும்போது என்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முன்பார்வை பார்க்கலாம். அதற்கு ஓர் ஆபத்தும் உண்டு. திரையே நிரல் என்பதால், சொல்லையும் நிரலுக்குள்ளேயே எழுதிவிடக் கை துறுதுறுக்கும். அதற்கு இடம் கொடுத்தால் சிங்களத்துக்கு மாற்ற வேண்டிய நாளில் நிரல் முழுவதையும் தோண்ட வேண்டிவரும். கொம்போஸிலும் சொற்கள் அந்தப் பழைய சொற்கோப்பிலேயே இருக்கலாம், இருக்க வேண்டும்.

பழைய போன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொம்போஸ் செயலியோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. அதன் முதல் பதிப்பு 2014இன் அன்ட்ரொய்ட் 5 வரை பின்னோக்கி ஓடியது. ஸ்விஃப்ட்யூஐ ஐபோனின் இயங்குதளத்தோடு வருகிறது. ஐஓஎஸ் 13க்கு முன் இல்லை, அதன் புதிய வசதிகளுக்குப் புதிய இயங்குதளம் வேண்டும். மறுபக்கம், கொம்போஸ் செயலியின் அளவைச் சற்றுக் கூட்டும். முதல் முறை திறக்கும்போது பழைய போனில் தாமதம் தெரியலாம். எழுதுபவரின் கணினியும் முக்கியம். ஐபோன் செயலி கட்ட மெக் கணினி வேண்டும். ஃப்ளட்டரில் எழுதினாலும் அந்தத் தேவை போகாது. ஆகவே இங்கே தொடங்குபவர்கள் பெரும்பாலும் அன்ட்ரொய்டில்தான் தொடங்குவீர்கள். அதில் தாழ்வு ஒன்றுமில்லை. கணினிக்குள் ஓடும் போலிப் போன் நினைவகத்தைத் தின்றுவிடும். உண்மையான போனைக் கேபிளில் இணைத்துச் சோதியுங்கள்.

இனி, எதைத் தேர்வது என்று நேராகச் சொல்கிறேன்.

புதிதாக அன்ட்ரொய்ட் செயலி தொடங்குகிறீர்களா? கொம்போஸில் எழுதுங்கள், சொற்களைத் தனிக் கோப்பில் வைத்து. உங்களுக்குப் பின் பொறுப்பேற்பவர் எக்ஸ்எம்எல் மட்டும் அறிந்தவர் என்றால், தயங்காமல் எக்ஸ்எம்எல்லையும் வியூ பைன்டிங்கையும் எடுங்கள். திருத்த ஆளில்லாத புதுமை நிலைக்காது. இரண்டு வகைப் போனுக்கும் ஒரே கையால் எழுத வேண்டும் என்றால் ஃப்ளட்டர். ஐபோனில் குழுவாக வேலை என்றால் ஸ்விஃப்ட்யூஐ, அல்லது சிறு சிறு ஸ்டோரிபோர்ட்டும் எக்ஸ்ஐபியும். ஒரே பெரிய ஸ்டோரிபோர்ட் மட்டும் வேண்டாம்.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலி எக்ஸ்எம்எல்லில் இருந்தால், அதை ஒரே அடியாக மாற்ற முனையாதீர்கள். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுவது எப்படி? எல்லா மலையையும் ஒரே ஆண்டில் வெட்டுவதில்லை. இந்த ஆண்டு இந்த மலை, அடுத்த ஆண்டு அந்த மலை. மற்ற மலைகளில் கொழுந்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அப்படித்தான் இதுவும். எக்ஸ்எம்எல் திரைக்குள் கொம்போஸ் பகுதியை வைக்க வழி இருக்கிறது. கொம்போஸுக்குள் பழைய பெட்டியை வைக்கவும் வழி இருக்கிறது. அடிக்கடி மாறும் திரையை முதலில் எடுங்கள். மாறாமல் நன்றாக ஓடும் திரையைத் தொடாதீர்கள்.

தீர்மானிக்க முடியாமல் நின்றால் ஒரு சோதனை செய்யுங்கள். செயலியின் மிகக் கடினமான ஒரு திரையை எடுத்து, இரண்டு முறைகளிலும் எழுதுங்கள். உங்கள் குழுவில் இருப்பதிலேயே விலை குறைந்த போனில் ஏற்றுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வையுங்கள், எழுத்தை இரட்டிப்பாக்குங்கள், போனைச் சாயுங்கள், இருப்பதிலேயே நீளமான பெயரைப் போடுங்கள். பிறகு அந்தத் திரையை எழுதாத நண்பரிடம் கொடுத்து, ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். உங்களிடம் எதுவும் கேட்காமல் அவர் சேர்த்து முடித்தால், அதுவே உங்கள் குழுவுக்கான முறை. உங்களுக்கு வேலை கொடுப்பவர் வேறு முறையைக் கேட்டாலும், இந்தச் சோதனையின் முடிவை எடுத்துக் காட்டிப் பேசுங்கள். கொழுந்தெடுத்தவர் தன் கிலோவைத் தன் மொழியில் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.